உரிமையும் வரம்பும்: இந்திய அரசியலமைப்பில் ‘நியாயமான’ என்னும் சொல் இருக்குமிடமும் இல்லாத இடமும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளை வழங்கும்போதே அவற்றின் வரம்புகளையும் வகுத்துவிடுகிறது. அவ்வரம்புகள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல. உறுப்பு 19இன் வரம்புகள் ‘நியாயமான’ என்னும் அளவுகோலுக்கு உட்பட்டவை. உறுப்பு 22 இடமளிக்கும் தடுப்புக் காவலுக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. அதற்கு ஈடாக நாள் கணக்கும் மாதக் கணக்குமே தரப்பட்டுள்ளன. 1950 முதல் 1952 வரை சென்னை மாநிலம் தரப்பினராக இருந்து உச்ச நீதிமன்றம் தீர்த்த மூன்று வழக்குகளை ஒப்பிட்டு, இவ்வேறுபாட்டின் தோற்றத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பேச்சுக்கும் சங்கத்துக்கும் கிடைத்த பாதுகாப்பு மனித உடலுக்குக் கிடைக்காமல் போனதன் காரணம் நீதிபதிகளின் மனப்பாங்கைக் காட்டிலும் அரசியலமைப்பின் வாசகத்திலேயே மிகுதியாக உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அடிப்படை உரிமைகள், நியாயமான கட்டுப்பாடுகள், தடுப்புக் காவல், உறுப்பு 22, பொது ஒழுங்கு, குண்டர் தடுப்புச் சட்டம்

முன்னுரை

மனித உரிமைகளை ஓர் அரசியலமைப்பு எவ்வாறு காக்கிறது என்னும் வினாவுக்கு, அதில் இடம்பெற்ற உரிமைகளின் பட்டியலை விடையாகத் தருவது வழக்கம். அப்பட்டியல் பாதி விடையே ஆகும். வரம்பற்ற உரிமை எந்த அரசியலமைப்பிலும் இல்லை. ஆகவே ஓர் உரிமையின் உண்மையான வலிமையை அறிய, அதனைக் குறைக்க வேண்டுமானால் அரசு யாருக்கு, எதனை, எந்த அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். பட்டியலை மட்டும் நோக்கினால் சம வலிமை உடையனவாகத் தோன்றும் உரிமைகள், இவ்வினாவை எழுப்பியவுடன் வெவ்வேறு தரத்தனவாகப் பிரிந்துவிடுகின்றன.

இந்திய அரசியலமைப்பு இதற்குத் தக்க சான்று. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அதன் மூன்றாம் பகுதியில், பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை முதலியன உறுப்பு 19இலும், உயிருக்கும் உடல்சார் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு உறுப்பு 21இலும், கைது, காவல் தொடர்பான பாதுகாப்புகள் உறுப்பு 22இலும் உள்ளன. இவற்றுள் உறுப்பு 22 தனித்தன்மை வாய்ந்தது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசலாம். 24 மணி நேரத்துக்குள் அவரை நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அதன் முதலிரு கூறுகள் கூறுகின்றன. மூன்றாம் கூறு, தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இவ்விரு கூறுகளும் பொருந்தா எனக் கூறி அவற்றை விலக்குகிறது. குற்றம் செய்தார் என்று மெய்ப்பிக்காமல், இனிச் செய்யக்கூடும் என்ற கணிப்பின்மீது ஒருவரைச் சிறை வைப்பதற்கான வழி, அடிப்படை உரிமைகளுக்கான பகுதியிலேயே, உரிமை தரும் அதே உறுப்பிலேயே இடம்பெற்றுள்ளது.

ஒரே தேதியில் இரண்டு நடவடிக்கைகள்

இவ்வேறுபாடு எத்தகைய விளைவைத் தந்தது என்பதை அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே காண முடிந்தது. 1950 மார்ச் 1ஆம் தேதியிட்ட ஆணை ஒன்றின் மூலம், ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து வெளியிட்டுவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதையும் பரவுவதையும் சென்னை அரசு தடை செய்தது. 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அதே மார்ச் 1ஆம் தேதியில், 1947 டிசம்பர் முதல் சென்னை மாநிலத்தில் காவலில் இருந்துவந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குப் புதியதொரு காவல் ஆணை வழங்கப்பட்டது. இவ்வாணை, சில நாள்களுக்கு முன்னரே நாடாளுமன்றம் இயற்றியிருந்த 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டது.

இருவரும் உறுப்பு 32இன்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினர். கோபாலன் வழக்கின் தீர்ப்பு 1950 மே 19இலும், தாப்பர் வழக்கின் தீர்ப்பு ஒரு வாரம் கழித்து மே 26இலும் வெளிவந்தன. இதழ் மீதான தடை செல்லாததாயிற்று. மனிதர் மீதான காவல் நிலைத்தது.

தாப்பர் வழக்கில் அரசு முன்வைத்த காரணம் பொதுப் பாதுகாப்பும் பொது ஒழுங்கும் ஆகும். அப்போதிருந்த உறுப்பு 19(2), பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான நோக்கங்களை எண்ணிக் கூறியிருந்தது: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, அரசின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது என்பன அவை. பொது ஒழுங்கு அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு காரணத்துக்காகப் பேச்சுரிமையைக் குறைக்க முடியாது எனப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி முடிவு செய்தார்.

கோபாலன் வழக்கில் மனுதாரருக்காக எம்.கே. நம்பியார் வாதிட்டார். காவல் என்பது நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையையும் பறிப்பதால், அது உறுப்பு 19(5) கோரும் நியாயமான கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. உறுப்பு 21இல் வரும் ‘சட்டம்’ என்னும் சொல் இயற்கை நீதிக் கோட்பாடுகளையும் உள்ளடக்கும் என்பது மற்றொன்று. ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வில் பெரும்பான்மையினர் இரண்டையும் ஏற்கவில்லை. உறுப்பு 19 சுதந்திரமாக இருக்கும் மனிதருக்கான உரிமைகளைப் பேசுகிறது. சட்டப்படி சுதந்திரத்தை இழந்தவரின் நிலை உறுப்புகள் 21, 22 ஆகியவற்றுக்கு உரியது என அவர்கள் பிரித்தனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பதையே தடுத்த 14ஆம் பிரிவு மட்டும் நீக்கப்பட்டது. எஞ்சிய சட்டம் நிலைநிறுத்தப்பட்டது. அதன் 12ஆம் பிரிவு, பொது ஒழுங்கு முதலிய சில காரணங்களுக்காகக் காவலில் வைக்கப்பட்டோரை அறிவுரைக் கழகத்தின் கருத்தைக் கேளாமலேயே ஓராண்டுவரை வைத்திருக்க இடமளித்தது. அதுவும் நிலைத்தது.

பொது ஒழுங்கு என்னும் காரணம் ஓர் இதழைத் தடுக்கப் போதாது, ஆனால் ஒரு மனிதரைச் சிறை வைக்கப் போதும் என்பதே ஒரு வார இடைவெளியில் வந்த இரு தீர்ப்புகளின் கூட்டு விளைவு. இதனை நீதிபதிகளின் தனிப்பட்ட சார்பைக் கொண்டு விளக்க இயலாது. இதழை விடுவித்த பதஞ்சலி சாஸ்திரி, கோபாலன் வழக்கில் அரசின் பக்கம் நின்ற பெரும்பான்மையில் ஒருவர். மறுபுறம், கோபாலன் வழக்கில் சுதந்திரத்தின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பசல் அலி, தாப்பர் வழக்கில் அரசின் தடையை ஏற்று மாறுபட்டார். அதே நீதிபதிகள், அதே மாநில அரசு, அதே மாதங்கள். மாறியது, அவர்கள் கையிலிருந்த உறுப்பின் வாசகம்தான்.

அளவுகோலின் தோற்றம்

வாசகத்தின் இவ்வேறுபாடு அரசியல் நிர்ணய சபையில் உருவானது. உறுப்பு 19இன் முன்வரைவில் ‘நியாயமான’ என்னும் சொல் இல்லை. பொது நலன் கருதிச் சட்டமன்றம் கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்ற அளவிலேயே அது நின்றது. அவ்வாறே விட்டிருந்தால், எக்கட்டுப்பாடு பொது நலனுக்கு உகந்தது என்பதைச் சட்டமன்றமே இறுதியாக முடிவு செய்திருக்கும். 1948 டிசம்பரில் பண்டித தாக்கூர் தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, ‘கட்டுப்பாடுகள்’ என்பதற்குமுன் ‘நியாயமான’ என்னும் அடை பல கூறுகளில் சேர்க்கப்பட்டது. அடை ஒன்று கூடியதால், கட்டுப்பாடு அளவுக்குள் நிற்கிறதா என்று ஆராயும் பொறுப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. பேச்சுரிமைக்கான இரண்டாம் கூறு மட்டும் அச்சமயம் இவ்வடையைப் பெறவில்லை.

அதே 1948 டிசம்பரில், இன்றைய உறுப்பு 21இன் முன்வரைவு எதிர்த் திசையில் சென்றது. ‘முறையான சட்ட நெறி’ என்று தொடக்கத்தில் கருதப்பட்ட அமெரிக்கத் தொடர் கைவிடப்பட்டு, சப்பானிய அரசியலமைப்பை ஒட்டிய ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்னும் தொடர் ஏற்கப்பட்டது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்க நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்து உரையாடியது இம்மாற்றத்தில் செல்வாக்குச் செலுத்தியது. சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாற்றத்தை ஆதரித்தார், கே.எம். முன்ஷி பழைய தொடரை வலியுறுத்தினார். சட்டமன்றம் இயற்றும் எந்த நடைமுறையும் போதும் என்றாகிவிட்டால் உடல்சார் சுதந்திரத்துக்குப் பாதுகாப்பு என்ன என்ற கேள்வி சபையில் வலுவாக எழுந்தது.

அக்கேள்விக்கு விடையாகவே 1949 செப்டம்பரில் அம்பேத்கர் புதிய உறுப்பு ஒன்றை முன்மொழிந்தார். அதுவே இன்றைய உறுப்பு 22. முந்தைய முடிவால் நேர்ந்த இழப்புக்கு அது ஓர் ஈடு என்ற பொருளில் அவர் அதனை அறிமுகம் செய்தார். தடுப்புக் காவல் சட்டம் இயற்றும் அதிகாரம் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்த நிலையில், அவ்வதிகாரத்துக்கு எல்லை வகுக்காமல் விடுவதைவிட வகுப்பதே மேல் என்பது அவர் நிலைப்பாடு. உறுப்பினர்கள் பலர் இதனை எதிர்த்தனர். உரிமை தருவதாகச் சொல்லி உரிமையைப் பறிக்கும் சாசனமாக இது அமையும் என்னும் கருத்து மகாவீர் தியாகி போன்றோரின் உரைகளில் வெளிப்பட்டது.

அம்பேத்கரின் வாதத்தை எளிதில் தள்ள இயலாது. உறுப்பு 22 இல்லாதிருந்தால், ஒருவரை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் எக்காரணமும் சொல்லாமல் காவலில் வைக்கும் சட்டம் ஒன்றைக் கோபாலன் தீர்ப்பின் தருக்கப்படி உறுப்பு 21 தடுத்திருக்காது. பிரிவினையின் குருதியும் காந்தியடிகளின் படுகொலையும் தெலங்கானாவில் நடந்துகொண்டிருந்த ஆயுதப் போராட்டமும் அச்சபையின் கண்முன் இருந்தன. எனினும் அந்த ஈடு எத்தகையது என்பது ஆராயத்தக்கது. உறுப்பு 22 தரும் பாதுகாப்புகள் எல்லாம் காலமும் நடைமுறையும் சார்ந்தவை: மூன்று மாதத்துக்கு மேற்பட்டால் அறிவுரைக் கழகம், ‘கூடிய விரைவில்’ காரணம் தெரிவித்தல், முறையீடு செய்ய ‘முதல் வாய்ப்பு’. ஒருவரை ஏன் காவலில் வைக்க வேண்டும், சாதாரணக் குற்றவியல் சட்டம் ஏன் போதவில்லை, ஆபத்துக்கும் காவலுக்கும் அளவுப் பொருத்தம் உண்டா என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. உறுப்பு 19 காரணத்தை அளக்கிறது. உறுப்பு 22 காலத்தை எண்ணுகிறது.

சங்கத்துக்குச் செல்லாதது உடலுக்குச் செல்லும்

தாப்பர் தீர்ப்புக்கு அரசின் எதிர்வினை 1951 சூனில் நிறைவேறிய முதலாம் திருத்தம் ஆகும். உறுப்பு 19(2)இன் பட்டியலில் பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியன சேர்க்கப்பட்டன. இத்திருத்தம் பேச்சுரிமையைச் சுருக்கியது என்று சொல்லப்படுவது பொருத்தமே. ஆயினும் அதே திருத்தம், அதுவரை இரண்டாம் கூறில் இல்லாதிருந்த ‘நியாயமான’ என்னும் சொல்லையும் அங்கே கொண்டுவந்தது. காரணங்களின் எண்ணிக்கை பெருகியபோது, ஒவ்வொரு காரணமும் அளவுகோலுக்கு உட்பட்டது. திராவிட நாடு கோரிக்கையின் சூழலில் 1963இல் வந்த பதினாறாம் திருத்தம் இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்பவற்றைப் பட்டியலில் சேர்த்தபோதும் இதுவே நிகழ்ந்தது: புதிய காரணம் வந்தது, பழைய அளவுகோல் நீங்கவில்லை.

அந்த அளவுகோல் நடைமுறையில் எதனைக் குறிக்கும் என்பதை வரையறுத்ததும் சென்னை வழக்கு ஒன்றே. சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என மாநில அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசின் மேல்முறையீட்டை 1952 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பதஞ்சலி சாஸ்திரி எழுதிய இத்தீர்ப்பு, நியாயத்தன்மையை ஆராயும்போது கருத வேண்டியவற்றை வகுத்தது: பறிக்கப்படும் உரிமையின் இயல்பு, கட்டுப்பாட்டின் உள்நோக்கம், தடுக்க விரும்பும் தீங்கின் பரப்பும் அவசரமும், கட்டுப்பாடு மிகையாக உள்ளதா என்பது, அக்காலச் சூழல். இந்திய நீதிமன்றங்கள் இன்றளவும் இத்தீர்ப்பை ஆள்கின்றன.

இவ்வழக்கில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு பகுதி, இக்கட்டுரையின் வாதத்துக்கு மையமானது. சங்கத்தைத் தடை செய்த சட்டமும் அறிவுரைக் கழகம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. அரசு தன் மனத்துக்குச் சரியெனப்பட்டதை ஆணையாக்கும். பிறகு அறிவுரைக் கழகம் அதனைப் பரிசீலிக்கும். இந்த ஏற்பாடு நீதிமன்ற விசாரணைக்கு மாற்றாகாது என்றது தீர்ப்பு. அரசின் அகநிலை மனநிறைவும் அதனைப் பார்வையிட ஓர் அறிவுரைக் கழகமும் என்னும் வாய்பாடு மிக அரிதான சூழல்களில் மட்டுமே நியாயமானதாகக் கருதப்படலாம்; நீதிமன்றம் அதனைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. சங்கம் அமைக்கும் உரிமைக்கு இவ்வாய்பாடு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று.

இதே வாய்பாடுதான் தடுப்புக் காவலின் அடிப்படை. 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அரசு ‘மனநிறைவு’ அடைந்தால் போதும் என்றது. அம்மனநிறைவு அகநிலையானது, அதன் சரி தவறுகளை நீதிமன்றம் எடை போடாது என்று 1951இல் ஆத்மாராம் வைத்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு சங்கத்தைக் கலைக்கப் போதாத ஏற்பாடு, அச்சங்கத்தின் உறுப்பினரைச் சிறை வைக்கப் போதுமானது. வி.ஜி. ராவ் வழக்கை முன்னேற்றமாகவும் கோபாலன் வழக்கைப் பின்னடைவாகவும் தனித்தனியே படிக்கும் வழக்கம் இம்முரணை மறைத்துவிடுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான், இந்திய அரசியலமைப்பு மனிதரின் கூட்டத்தைக் காத்த அளவுக்கு மனிதரின் மேனியைக் காக்கவில்லை என்பது புலனாகும்.

வாயிலில் நின்றுவிட்ட அளவுகோல்

கோபாலன் தீர்ப்பின் தருக்கம் பின்னர்ப் படிப்படியாகத் தகர்ந்தது உண்மையே. உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் பார்வை 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கில் கைவிடப்பட்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, உறுப்பு 21இன் நடைமுறையும் நேர்மையானதாக, நீதியானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. 1948இல் கைவிடப்பட்ட அளவுகோல் முப்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தின் வழியாக உறுப்பு 21க்குள் நுழைந்தது.

ஆயினும் உறுப்பு 22இன் வாயிலில் அது பெரிதும் நின்றுவிட்டது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்த ஏ.கே. ராய் வழக்கில் (1981), மேனகா காந்தி தீர்ப்பின் அடிப்படையில் தடுப்புக் காவலையே கேள்விக்கு உட்படுத்தும் முயற்சி வெற்றி பெறவில்லை. அரசியலமைப்பே அனுமதிக்கும் ஒன்றை நியாயமற்றது எனக் கூற இயலாது என்பதே இதன் உட்பொருள். அறிவுரைக் கழகத்தின்முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை காவலில் உள்ளவருக்கு இல்லை. அரசு சட்ட வல்லுநரைக் கொண்டு வாதிட்டால் மட்டுமே அவருக்கும் அவ்வாய்ப்பு உண்டு எனவும் அவ்வழக்கில் முடிவாயிற்று.

நெருக்கடி நிலையின் அனுபவமும் இதே எல்லையைக் காட்டுகிறது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில், காவலில் வைக்கப்பட்டோர் ஆள்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை அணுக முடியாது எனப் பெரும்பான்மையினர் தீர்ப்பளிக்க, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். அத்தீர்ப்பை 2017இல் புட்டசாமி வழக்கு வெளிப்படையாக மறுதலித்தது. அதற்கு முன்பே 1978ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உறுப்புகள் 20, 21 ஆகியவற்றைச் செயல்படுத்தக் கோரும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என உறுப்பு 359ஐ மாற்றியது. உறுப்பு 22 அந்த விலக்கில் சேர்க்கப்படவில்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு எஞ்சியிருக்கும் சிறு பாதுகாப்புகளைத் தரும் உறுப்பு, நெருக்கடி காலத்தில் நிறுத்தி வைக்கத்தக்க நிலையிலேயே இன்றும் உள்ளது.

நாள் கணக்கின் நீதி: தமிழ்நாட்டுச் சான்று

அளவுகோல் இல்லாத இடத்தில் நீதித்துறையின் கண்காணிப்பு எவ்வடிவம் எடுக்கும் என்பதற்கு, மக்கள் வழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டம் சான்றாகிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் முதலியோரை நோக்கித் தொடங்கிய இச்சட்டம், பின்வந்த திருத்தங்களால் வனக் குற்றங்கள், மணல் குற்றங்கள், காணொளித் திருட்டு, இணையவழிக் குற்றங்கள், பாலியல் குற்றங்கள் எனப் பரப்பு விரிந்தது. இவை ஒவ்வொன்றையும் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் உள்ளன என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. நாட்டுப் பிரிவினையின் சூழலைக் காட்டி அரசியலமைப்புக்குள் இடம்பெற்ற அதிகாரம், வீடியோ குறுந்தகடு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இச்சட்டத்தின் பாதுகாப்புகள் எண்களால் ஆனவை. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ பிறப்பிக்கும் ஆணையை 12 நாள்களுக்குள் மாநில அரசு ஏற்க வேண்டும். 5 நாள்களுக்குள் காரணங்களை வழங்க வேண்டும். 3 வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின்முன் வைக்க வேண்டும். 7 வாரங்களுக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். உச்ச அளவு 12 மாதங்கள். ஆள்கொணர்வு மனுக்களை விசாரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம் காவல் ஆணைகளை நீக்கும்போது, முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கப்படாத காலத்தாழ்வு, வழங்கப்பட்ட ஆவணங்கள் படிக்க முடியாதிருத்தல், தமிழ் மொழிபெயர்ப்பு இணைக்கப்படாமை போன்றவை அடிக்கடி காரணங்களாகின்றன. ஆங்கிலம் அறியாதவருக்கு ஆங்கிலத்தில் காரணங்களை அளித்து வாய்மொழியாக விளக்குவது போதாது என 1962இல் ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இதற்கு அடிப்படை. தமக்குப் புரியும் மொழியில் குற்றச்சாட்டை அறியும் உரிமை எளிய உரிமை அன்று. முறையீட்டுக்கு அதுவே முதற்படி.

எனினும் இவ்வாறு கிடைக்கும் விடுதலையின் தன்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது. மொழிபெயர்ப்பு இல்லாததால் ஆணை நீக்கப்படும்போது, அம்மனிதரைக் காவலில் வைத்தது தேவைதானா என்ற வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. அதிகாரியும் அடுத்த முறை காவலின் தேவையை மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு மாறாக, ஆவணங்களைச் செம்மையாக அடுக்கவே கற்றுக்கொள்கிறார். மேலும், மனு விசாரணைக்கு வந்து தீர்ப்பாகும்வரை காவல் தொடர்கிறது. 12 மாதமே உச்சமான ஒரு காவலில், சில மாதங்கள் கழிந்து வரும் விடுதலை, உரிமையின் வெற்றியாக ஏட்டில் பதிவாகிறது. இழந்த மாதங்கள் திரும்புவதில்லை.

நீதிமன்றம் காரணத்தையும் அளக்க முயன்ற தருணங்கள் இல்லாமலில்லை. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா, சட்டம் ஒழுங்கு என்பதைப் பெரிய வட்டமாகவும், பொது ஒழுங்கை அதனுள் அமைந்த வட்டமாகவும், அரசின் பாதுகாப்பை உள்ளிருக்கும் மிகச் சிறிய வட்டமாகவும் உருவகித்து, சட்டம் ஒழுங்கு மீறல் ஒவ்வொன்றும் தடுப்புக் காவலுக்கு ஆதாரமாகாது என்பதை விளக்கினார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற, காலாவதியான மருந்துகளின் விற்பனை தொடர்பான வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னேறியது. உறுப்பு 22(3)(ஆ), உறுப்பு 21க்கு விதிவிலக்கு மட்டுமே. ஆகவே அதனைக் குறுகிய பொருளிலேயே கொள்ள வேண்டும். சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என அமர்வு கூறியது. வி.ஜி. ராவ் தீர்ப்பு சங்கத்துக்காகக் கேட்ட கேள்வியை இது மனிதருக்காகக் கேட்டது எனலாம். ஆனால் உறுப்பின் வாசகத்தில் ஊன்றுகோல் இல்லாத இத்தகைய நெறி, ஒவ்வொரு அமர்விலும் புதிதாக வாதிட்டு மீட்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

ஒரு சொல் எப்போதும் காக்கும் என்றும் கருதிவிடக் கூடாது. 1941இல் இங்கிலாந்தின் லிவர்சிட்ஜ் வழக்கில், ‘நியாயமான காரணம்’ என்று விதி தெளிவாகக் கூறியிருந்தும், போர்க்காலத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதனை அமைச்சரின் மனநிறைவாகச் சுருக்கினர். அட்கின் பிரபு மட்டுமே மாறுபட்டார். சொல் இருந்தும் காக்கத் தவறலாம். ஆனால் அங்குச் சொல் இருந்ததால் பெரும்பான்மையின் பிழை பிழையெனக் காட்டப்பட்டது. அட்கினின் மாறுபட்ட தீர்ப்பே பின்னாளில் ஏற்கப்பட்டது. சொல்லே இல்லாத இடத்தில் பிழையைச் சுட்டவும் பிடி இல்லை.

முடிவுரை

இந்திய அரசியலமைப்பு உரிமைகளைக் காக்கவும் வரையறுக்கவும் இரு வேறு முறைகளைக் கையாள்கிறது. ஒன்று, வரம்பு விதிக்கும் அரசைக் காரணம் கூறவைத்து, அதன் அளவை நீதிமன்றம் நோக்கும் முறை. மற்றொன்று, காரணத்தை அரசின் மனத்துக்கு விட்டுவிட்டு, காலத்தை மட்டும் எண்ணும் முறை. 1950 மார்ச் 1ஆம் தேதிய இரு நடவடிக்கைகளின் முடிவு வேறுபட்டதும், 1952இல் சங்கத்துக்கு மறுக்கப்பட்ட வாய்பாடு காவலுக்கு ஏற்கப்பட்டதும், இன்றைய ஆள்கொணர்வு வழக்குகள் தாள்களைச் சுற்றியே அமைவதும் இவ்வேறுபாட்டின் தொடர்ச்சிகள். மனித உரிமை பற்றிய ஆய்வுகள் உரிமைகளின் பட்டியலிலிருந்து வரம்புகளின் தன்மைக்குத் திரும்ப வேண்டிய தேவையை இது உணர்த்துகிறது.

உறுப்பு 22ஐத் திருத்தும் முயற்சி நடக்காமல் இல்லை. நாற்பத்து நான்காம் திருத்தத்தின் 3ஆம் பிரிவு, மூன்று மாதத்தை இரண்டாகக் குறைக்கிறது. அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும், பணியிலுள்ள நீதிபதி ஒருவர் அதற்குத் தலைமை தாங்கவும் வகை செய்கிறது. கழகத்தைக் கேளாமல் நீண்ட காலம் காவலில் வைக்கச் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் நீக்குகிறது. காரணத்தை அளக்கும் சொல்லை இத்திருத்தமும் தரவில்லை; எனினும் அதனை அளக்கத் தகுதி வாய்ந்த கைகளை அது தருகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற அப்பிரிவு, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நடைமுறைக்கு வரவில்லை. அதனை நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு ஆணையிட ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதற்குப் புதிய சட்டமோ மற்றொரு திருத்தமோ தேவையில்லை. நாள் குறித்து அரசிதழில் வெளியிடப்படும் ஓர் அறிவிக்கை போதும்.